ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் பொய் சொன்னேன், டாக்டர்

காரைக்குடியை ஒட்டிய புது நகர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 46. கணவருக்குச் சிங்கப்பூரில் தொழில். வருடத்துக்கு மூன்று தடவை வந்துபோகிறார். மகளுக்குப் பெங்களூருவில் வேலை, வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மகன் கோவையில் கல்லூரியில் படிக்கிறான். 78 வயது மாமியார் கூடவே இருக்கிறார். மாடி வீடு, கார், ஹாலில் ஆத்தங்குடி டைல்ஸ். இவரே பலகாரத் தொழிலும் நடத்துகிறார். ஒன்பது பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மணகோலம், தேன்குழல், அதிரசம் எல்லாம் கல்யாண வீடுகளுக்குச் சென்னை வரை போகின்றன. "ஆச்சிக்கு என்ன குறைன்னு ஊரே கேக்கும். நானும் அதைத்தான் கேட்டுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு வருடமாக விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அதன் பிறகு தூக்கம் இல்லை. எதிலும் ருசி இல்லை. விசேஷ வீட்டில் சிரித்துப் பேசிவிட்டு, திரும்பி வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி அழுகிறார். ஏழு வாரமாக ஒரு செயலி வழியாக ஆன்லைன் கவுன்சலிங். ஹாலில் இருக்கும் கேமரா கணவரின் போனோடு இணைக்கப்பட்டது என்பதால், செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மாமியார் தூங்கியதும் போர்ட்டிகோவில் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்து பேசுகிறார். பதிவு செய்த பெயர் பொய், ஊர் 'சென்னை'. ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். கணவர் கேட்டதற்கு யோகா வகுப்பு என்று சொல்லியிருக்கிறார். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா ஒண்ணும் மாறலை." அதே செயலியில் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றில் 17 மதிப்பெண். ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்று பொய் போட்டதாக, கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பது: இது நோயா, கொழுப்பா? திரையில் பேசி இது சரியாகுமா? மாத்திரை தேவைப்படலாம் என்று அந்தப் பெண் சொல்கிறார், பழகிவிடாதா? விஷயம் வெளியே தெரிந்தால் மகள் கல்யாணம் என்னாகும்? கணவரிடம் சொல்ல வேண்டுமா?

சகோதரி,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. ஓரத்தில் சின்னதாக எழுதியதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஒன்பதாவது கேள்வி

அந்தப் படிவம் உலகம் முழுக்கப் பயன்படுவது, பி.எச்.க்யூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலாம் என்றோ, தன்னைத் துன்புறுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றுகிறதா என்பது. "வாரத்துல நாலஞ்சு நாள், விடியாமலே இருந்துட்டா நல்லதுன்னு தோணும். ஆனா செஞ்சுக்க மாட்டேன், பிள்ளைங்க இருக்கு" என்கிறீர்கள். அதற்கு உண்மையான மதிப்பெண் 2. உங்கள் கணக்கு 17 அல்ல, 19. 20-லிருந்து 'கடுமை' என்ற கட்டம் தொடங்குகிறது. படிவம் மட்டுமே நோயை முடிவு செய்யாது என்றாலும், நீங்கள் நிற்கும் இடம் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததைவிட ஒரு படி கீழே.

"செஞ்சுக்க மாட்டேன்" என்பதை நம்புகிறேன். ஆனால் இப்படிப்பட்ட எண்ணம் வந்துபோவதற்கும், அது திட்டமாக உருவெடுப்பதற்கும் நடுவில் இருக்கும் வரப்பு மெல்லியது. தூக்கமில்லாத ஓர் இரவில் கரைந்துவிடும். அதனால் இதைப் படித்து முடித்த கையோடு இரண்டு காரியம் செய்யுங்கள். மாமியாரின் தூக்க மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டாம். தேவகோட்டையில் இருக்கும் தங்கச்சியிடம் கொடுத்து, மாமியாருக்கு ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அவ்வப்போது வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, 14416 என்ற எண்ணைப் போனில் பதிந்துவையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு முற்றத்தையே வெறித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்துக்காகத்தான் அது. எண்ணம் எப்போதாவது திட்டமாக மாறுவதுபோல் இருந்தால், செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது. யாரையாவது எழுப்பி, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

கொழுப்பா, நோயா?

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு சம்பவம் எனக்கு அந்தப் படிவத்தைவிட அதிகம் சொன்னது. போன மாதம் ஒரு கல்யாண ஆர்டருக்கு அதிரசப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தீர்கள். தட்டில் தண்ணீர் வைத்து, ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தீர்கள். இருபது வருடமாக யோசிக்காமல் கை சொல்லும் பதம். அன்றைக்கு அந்த உருண்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, போதுமா போதாதா என்று தெரியாமல் நின்றிருக்கிறீர்கள். மறுபடி ஒரு சொட்டு. மறுபடி ஒன்று. அதற்குள் பாகு முறுகி, ஆறு கிலோ வெல்லம் வீண். பக்கத்தில் நின்ற அம்மா "என்ன ஆச்சி, கண்ணு கட்டிருச்சா" என்று கேட்டாராம்.

(எனக்கு அதிரசம் சுடத் தெரியாது. எண்ணெயில் போட்டதுமே பிரிந்துபோன ஒன்றைச் சுட்ட பாவம் மட்டும் உண்டு.)

கொழுப்பெடுத்தவர்களுக்குக் கை மறந்துபோகாது. முடிவெடுக்க முடியாமை, கவனம் நிற்காமை, பிடித்த வேலையிலும் பிடிப்பில்லாமை, விடியற்காலை விழிப்பு, காலையில் மோசமாகவும் மாலையில் கொஞ்சம் தேவலையாகவும் இருப்பது: மனச்சோர்வு நோய்க்கு இதைவிடத் தெளிவான வர்ணனையைப் பாடப் புத்தகத்திலும் எழுத முடியாது. வெளியே எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதே என்கிறீர்கள். ஓடுவதற்கு நீங்கள் கொடுக்கும் விலையை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒருவர் இரண்டு மடங்கு பாடுபட்டு அரை மடங்கு வேலையை முடித்தால், பார்ப்பவர்களுக்கு வேலை நடந்ததாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள். "எங்க அப்பத்தா, பர்மாவுக்குப் போன ஐயாவுக்காக வருசக்கணக்காக் காத்திருந்தவ. அவளுக்கு வராதது எனக்கு மட்டும் ஏன்?" உங்கள் அப்பத்தாவுக்கு வரவில்லை என்று நமக்கு யார் சொன்னது? தலைக்குத்து, பித்தம், சாமி குத்தம் என்று வேறு பெயரில் வந்து போயிருக்கலாம். கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்காகக் கடல் கடந்து போனவர்கள், மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை, அந்த வளவு வீட்டில் பங்காளி வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சண்டை, பொறாமை எல்லாம் இருந்திருக்கும். ஆனால் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஒருத்தி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால், மூன்றாவது நாள் யாராவது வந்து "என்னடி" என்று கேட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் உங்களைக் கவனித்துக்கொண்டிருப்பது ஒரு கேமரா. அது "என்னடி" என்று கேட்காது.

திரையில் பேசினால் சரியாகுமா?

ஆகும். லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு, முறையாகப் பயிற்சி பெற்றவர் காணொளியில் தரும் சிகிச்சை, நேரில் தருவதற்குச் சமமாகவே வேலை செய்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மதுரைக்கோ திருச்சிக்கோ போய்வர ஒரு நாள் கடையைப் பூட்ட வேண்டிய உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி. ஆகவே 'ஆன்லைன் என்பதால்தான் மாறவில்லை' என்ற உங்கள் முடிவு தவறு. மாறாததற்கு நான் வேறு இரண்டு காரணம் பார்க்கிறேன். ஒன்று அந்தப் பக்கம், ஒன்று உங்கள் பக்கம்.

அந்தப் பக்கம்: அவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டீர்களா? நம் நாட்டில் 'ஆலோசகர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். செயலிகளிலும் அதே கதைதான். மருத்துவ உளவியலாளர் என்றால் எம்.ஃபில் போன்ற மருத்துவ உளவியல் பயிற்சியும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவே பதில். அடுத்து, எந்த முறையில் சிகிச்சை தருகிறார், எத்தனை வாரம் ஆகும், நடுவில் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையில் வீட்டுப்பாடம் உண்டு. எந்த நேரத்தில் என்ன செய்தேன், அப்போது மனம் பத்துக்கு எத்தனை என்று ஒரு வாரம் எழுதச் சொல்வார்கள். அதைப் பார்த்து, விட்டுப்போன ஒரு சின்ன வேலையை நாளில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் திரும்ப நட்டுவைப்பார்கள். மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யச் செய்ய மனசு வரும் என்பதே அதன் அடிப்படை. சாதாரணமாகப் பன்னிரண்டு முதல் பதினாறு அமர்வு. ஏழு வாரமும் 'பாசிட்டிவா நினைங்க' என்பதோடு முடிந்திருந்தால், ஆளை மாற்றுவதில் தப்பே இல்லை.

உங்கள் பக்கம் இருப்பதைச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். செவ்வாய் மூன்று மணிக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, நல்ல சேலை மாற்றிக்கொண்டு காரில் உட்காருவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை உபசரிப்பதுபோல் அந்தப் பெண்ணையும் ஏழு வாரமாக உபசரித்திருக்கிறீர்கள். பெயர் பொய், ஊர் பொய், ஒன்பதாவது கேள்வி பொய், மாமியாரின் தூக்க மாத்திரையைப் போட்டுக்கொள்வது பற்றி மூச்சே விடவில்லை. ஊரிடம் ஒளிக்கலாம். அது உங்கள் உரிமை. அதற்கு நியாயமும் இருக்கிறது. மருந்து போடுகிறவரிடமே காயத்தை மூடிக் காட்டினால் அவர் என்ன செய்வார்? திரைக்குள் தெரிவது முகம் மட்டுமே. கை நடுங்குவதும், ரவிக்கை தொளதொளத்துப் போயிருப்பதும் அவருக்குத் தெரியாது.

பெயரை மறைப்பதில் சட்ட விஷயமும் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைப்படி, மருத்துவரும் நோயாளியும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் ஆலோசனை நடத்தக் கூடாது. அது மருத்துவர்களுக்கான விதி என்றாலும், காரணம் எல்லோருக்கும் பொதுவானது. பேசிக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு ஏதாவது ஆகி, அந்தப் பெண் பதறிப்போய் உதவி அனுப்பினால், அது சென்னைக்குத்தான் போகும்.

என் ஆலோசனை இரண்டையும் கலப்பது. ஒரே ஒரு தடவை, இந்த வாரத்திலேயே, மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். காரைக்குடியில் தெரிந்தவர் கண்ணில் படும் என்ற பயம் இருந்தால், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டு, ரத்தசோகை, பி12, சர்க்கரை பார்க்கச் சொல்வார்கள். இவற்றில் சில மனச்சோர்வுபோலவே வேஷம் போடும். மாதவிலக்கு நிற்கப்போகும் வயது வேறு. அதன் பிறகு பேச்சு சிகிச்சையை ஆன்லைனிலேயே தொடரலாம்.

மாத்திரை

இங்கே உங்கள் பயம் தலைகீழாக நிற்கிறது. மனச்சோர்வுக்கான மாத்திரை பழகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். ஆனால் இரண்டு மாதமாக மாமியாரின் தூக்க மாத்திரையை வாரத்தில் பாதி நாள் போட்டுக்கொள்கிறீர்கள். பழகிப்போகக்கூடியது அதுதான். ஒரேயடியாக நிறுத்தாமல், மருத்துவரிடம் உண்மையான கணக்கைச் சொல்லுங்கள், அவர் முறையாகக் குறைத்துவிடுவார். மனச்சோர்வு மாத்திரை போதை தராது, இன்னும் வேண்டும் என்று ஏங்க வைக்காது. முதல் வாரம் குமட்டல், வயிற்றுப் பொருமல் இருக்கலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சரியான பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது படிப்படியாக நிறுத்த வேண்டும். பத்து நாளில் 'ஒண்ணும் கேக்கலை' என்று விட்டுவிடுகிறவர்களையும், இரண்டு மாதத்தில் 'சரியாயிருச்சு' என்று விட்டுவிடுகிறவர்களையும் வாரந்தோறும் பார்க்கிறேன்.

மகள் கல்யாணமும் ரகசியமும்

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உங்களுக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்தைத் தடுப்பது, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அதே சட்டத்தின் 3-வது பிரிவு, ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்கிறது. அதை நீதிமன்றம்தான் சொல்ல முடியும். "தொழில் என் பேர்ல இருக்கு, கையெழுத்து செல்லாதுன்னு சொல்லிருவாங்களோ" என்ற கவலைக்கு இது பதில். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மாவின் சிகிச்சைச் சீட்டைக் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதை கல்யாணத்துக்கு எழுதும் முறைச்சிட்டையிலா சேர்க்கிறோம்?

சட்டம் மருத்துவமனைக்கு நிற்கிற அளவுக்குச் செயலிக்கு நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அமர்வு பதிவாகிறதா, விவரங்களை அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் கூட்டுக் கணக்கிலிருந்து போகிறது என்றால் ரகசியம் அங்கேயே பாதி போயிற்று.

மகளிடம் மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வந்தே தீரும் என்று இல்லை. வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. நாளைக்குப் பிள்ளை பெற்ற பிறகு அவளுக்கு அப்படி ஒரு சோர்வு வந்தால், 'இது கொழுப்பு' என்று அவளும் தன்னைத் திட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டக் கூடாது இல்லையா?

கணவர்

சொல்ல வேண்டும். ஆனால் முதல் ஆள் அவராக இருக்க வேண்டியதில்லை. தங்கச்சி அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறார். நேரில் போய்ச் சொல்லுங்கள், மருத்துவரைப் பார்க்க அவரையே துணைக்குக் கூட்டிப்போங்கள். கணவரிடம், மருத்துவர் சொன்ன பெயரோடு பேசுங்கள். 'மனசு சரியில்லை' என்றால் 'கோயிலுக்குப் போய்ட்டு வா' என்பார். 'டிப்ரெஷன்னு டாக்டர் சொல்றார், ஒன்பது மாசமாவது மருந்து, வாரம் ஒரு மணி நேரம் பேச்சு சிகிச்சை' என்றால் அடுத்த கேள்வி 'எந்த டாக்டர்?' என்று வரும். அங்கிருந்து பேச்சு நகரும். (குன்றக்குடிக்கும் போங்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள்.)

இன்னொன்று, அந்தக் கேமராவை வாசல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். திருடன் யாரும் ஹாலில் உட்கார்ந்து அழப்போவதில்லை. மத்தியான வெயிலில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள் ஒரு மணி நேரம் உட்காருவது உடம்புக்கே ஆகாது. மாடியில் ஓர் அறை, ஒரு தாழ்ப்பாள், காதில் மாட்ட ஒரு ஹெட்போன், இவ்வளவு போதும்.

வருகிற செவ்வாய் பொட்டு வைக்காமல் உட்காருங்கள். முதல் வாக்கியம்: "என் பேரு அது இல்லம்மா." இரண்டாவது, ஊர். மூன்றாவது, ஒன்பதாவது கேள்வி. அடுத்த பத்து நிமிடம் அந்தப் பெண் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தங்கச்சியின் எண்ணைக் கேட்டு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, மருத்துவரைப் பார்க்கும் தேதியைக் குறித்துக்கொண்டால் அவரிடமே தொடரலாம். பேச்சை மாற்றினால் வேறு ஆள் பாருங்கள்.

பாகுப் பதம் பார்க்கும் வேலையை மூன்று மாதத்துக்கு அன்றைக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் விட்டுவிடுங்கள். அவருக்கும் பதம் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.